ஜப்பானில் வேலை, ஊரில் பிஎஃப்

இந்த முறை ஊருக்குப் போனபோது கல்யாணம், காதுகுத்துக்கு நடுவே பிஎஃப் வேலையையும் முடித்துவிட நினைத்தேன். ஜப்பானுக்குக் கிளம்புமுன் சென்னையில் பார்த்த வேலையின் பென்ஷன் சர்வீஸ் பத்து வருடத்தை எட்டவில்லை. விண்ணப்பம் போடப் போன பிரவுசிங் சென்டர் தம்பி, "பென்ஷன் பணத்தை மொத்தமா எடுத்துடுங்கண்ணே, பத்து வருஷம் இல்லாம பென்ஷன் வராது" என்றார். பலரும் அப்படித்தான் எடுத்துவிடுகிறார்கள்.

பிஎஃப் அலுவலகத்தில் இருந்த அம்மா நிதானமாகக் கேட்டார்: "ஜப்பான்ல பென்ஷனுக்குப் பிடிக்கிறாங்களா சார்? அப்ப பணத்தை எடுக்காதீங்க, ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிக்கோங்க." பணத்தை எடுக்காமல், பார்த்த சர்வீஸை அப்படியே கணக்கில் வைத்திருக்கும் சான்றிதழ் அது. பென்ஷன் பணத்தைக் கேட்கும் ஃபார்ம் 10சி-யிலேயே அந்தத் தேர்வு இருக்கிறது.

காரணம் இதுதான். இந்தியா-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பென்ஷன் தகுதிக்கு இரண்டு நாட்டு சர்வீஸையும் கூட்டிக்கொள்ளலாம். தகுதிக்கு இங்கேயும் குறைந்தது பத்து வருடம், 2017 முதல் அங்கேயும் பத்து வருடம். தகுதி வந்தபின் அவரவர் நாட்டில் கட்டிய காலத்துக்கேற்ற தொகையை அந்தந்த நாடு கொடுக்கும். பணத்தை எடுத்துவிட்டால் கூட்ட எதுவும் இருக்காது.

ஜப்பான் பக்கமும் இதே பொறிதான். சம்பளத்தில் 9.15% நம்மிடம், அதே அளவு கம்பெனியிடம் பிடித்து நென்கினுக்கு, அதாவது ஜப்பான் பென்ஷனுக்குப் போகிறது. நாடு திரும்பியபின் இரண்டு வருடத்துக்குள் கேட்டால் ஒரு பகுதி மொத்தமாகக் கிடைக்கும். ஆனால் எத்தனை வருடம் கட்டியிருந்தாலும் 60 மாதம் வரைதான் கணக்கு, 20.42% வரியும் பிடிப்பார்கள். வாங்கியதும் அதுவரை கட்டிய காலம் முழுவதும் அழிந்துவிடும். ஓரிரு வருடத்தில் திரும்புபவர் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. ஏழெட்டு வருடம் இருந்தவர் யோசிக்க வேண்டும்.

இந்தியக் கம்பெனியே டெபுடேஷனில் அனுப்பினால் கதை வேறு. இங்கே பிஎஃப் கட்டுகிறோம் என்பதற்கான கவரேஜ் சர்டிபிகேட்டை பிஎஃப் அலுவலகத்தில் வாங்கினால் ஐந்து வருடம் வரை அங்கே நென்கின் பிடிக்க மாட்டார்கள். கிளம்புமுன்பே ஹெச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

நேரம் தின்றது இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக நிற்கிறது, பிஎஃப்பில் ஒற்றை எழுத்து. அதைச் சரிசெய்ய ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம், அதற்குப் பழைய கம்பெனியின் ஒப்புதல். ஊருக்கு வருமுன்பே யுஏஎன்னில் (பிஎஃப் உறுப்பினர் எண்) பெயரைச் சரிபாருங்கள். மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டங்களில் பிஎஃப் குறைதீர் முகாம் நடக்கிறது. லீவு அதை ஒட்டி விழுந்தால் அங்கேயே கேட்டுவிடலாம்.