வீட்டில் மைன்கிராஃப்ட் சர்வர்: ராஸ்பெர்ரி பை 5-ஆ, பழைய மினி பிசியா?

ஐந்தாறு பேர் சேர்ந்து ஆட வீட்டிலேயே சர்வர் போடுவதென்றால், 8 ஜிபி ராஸ்பெர்ரி பை 5 என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டரை வாங்கலாம். இல்லையென்றால் ஆபீஸ்களில் கழித்துக்கட்டி விற்பனைக்கு வரும் மினி பிசி, அதாவது இன்டெல்லின் எட்டாம் தலைமுறை ஐ5 சிப்பில் கரண்டு குறைவாக இழுக்கும் 'டி' ரகம் உள்ளது. என் ஓட்டு மினி பிசிக்கு. இருபது பேர் ஆடும் சர்வருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு (கம்ப்யூட்டருக்கானது) இரண்டு பெட்டியிலும் ஓடும். மொபைலில் ஆடும் பெட்ராக் பதிப்பின் அதிகாரபூர்வ சர்வர் பையின் ஆர்ம் சிப்புக்கு வரவில்லை. பெட்ராக்காரர்களை ஜாவா சர்வரில் நுழையவிடும் கீசர் பிளக்இன் போட்டுத்தான் அதில் மொபைல்காரர்களைச் சேர்க்க வேண்டும். கரண்டில் ராஸ்பெர்ரி பையே சிக்கனம். பைக்கு 5 வாட், மினி பிசிக்கு 14 வாட் என்று வைத்தால், இரண்டு மாத பில்லில் 7 யூனிட்டும் 20 யூனிட்டும் ஆகும். பழைய சீலிங் ஃபேன் தினம் மூன்று மணி நேரம் சுற்றினால் இந்த வித்தியாசம் வந்துவிடும்.

முடிவு செய்ய வேண்டியது கரண்ட் கட்டை வைத்துத்தான். சர்வர் சும்மா இருப்பதில்லை, உலகத்தை எழுதிக்கொண்டே இருக்கிறது. பையை எஸ்டி கார்டில் ஓட்டினால், எழுதும் நொடியில் கரண்ட் போனால் கேடு அந்த ஒரு ஃபைலோடு நிற்காது. பக்கத்தில் இருக்கும் சிஸ்டம் ஃபைலும் கெட்டு, பை பூட் ஆகாமல் நிற்கலாம். எம்.2 ஹேட்டும் (எஸ்எஸ்டியைப் பையில் இணைக்கும் பலகை) எஸ்எஸ்டியும் போட்டால் இது பெருமளவு தீரும். ஆனால் 27 வாட் அடாப்டர், ஆக்டிவ் கூலர், கேஸ், ஹேட் என்று கூட்டிக்கொண்டே போனால் மினி பிசி விலையைத் தொட்டுவிடும். கூலரை விடவும் முடியாது: 80 டிகிரியில் பை தானே வேகத்தைக் குறைக்கும், கத்திரியில் வேலூர் சத்துவாச்சாரி மொட்டை மாடிக்குக் கீழ் அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

மினி பிசியில் எஸ்எஸ்டி உள்ளேயே இருக்கிறது, ராமையும் கூட்டிக்கொள்ளலாம். பயாஸில் (பெட்டி ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்) 'ஏசி ரெகவரி'யை 'பவர் ஆன்' என்று மாற்றுங்கள். மறந்தால் கரண்ட் வந்தாலும் பெட்டி அணைந்தே கிடக்கும். இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வையுங்கள், இல்லையென்றால் அது மாறும் இடைவெளியிலேயே சர்வர் விழும். ரவுட்டரையும் அதே இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவில் வாங்குபவர்கள் பயாஸ் பாஸ்வேர்டு இல்லையா என்று அங்கேயே பாருங்கள். டெல் மைக்ரோ என்றால் அடாப்டரையும் பாருங்கள்: போலி அடாப்டரை அடையாளம் காணாமல் பெட்டி சிப்பை மெதுவாக ஓட்டும். வாங்கியதும் சிப்பின் மேல் காய்ந்திருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, தூசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதித் தள்ளினால் போதும்.

வெளியிலிருந்து நண்பர்கள் சேர வேண்டுமா? ரவுட்டர் செட்டிங்கில் தெரியும் வான் ஐபி (நெட் கம்பெனி கொடுக்கும் முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அது பலர் பகிரும் முகவரி. மைன்கிராஃப்டின் போர்ட் 25565-ஐத் திறந்தும் பலனில்லை, நண்பர்களின் கருவிகளையும் சர்வரையும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் ஆப் போடுங்கள்.

பேக்கப் எடுக்கும்போது சர்வர் கன்சோலில் 'சேவ்-ஆஃப்' (தானாகச் சேமிப்பதை நிறுத்த), 'சேவ்-ஆல் ஃபிளஷ்' (இதுவரை உள்ளதை முழுதும் எழுத) கொடுத்துவிட்டு வேர்ல்டு ஃபோல்டரை நகலெடுங்கள். முடிந்ததும் 'சேவ்-ஆன்' கட்டாயம். அதை விட்டால் சர்வர் எதையும் எழுதாமல் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த கரண்ட் கட்டில் அன்றைக்குக் கட்டியதெல்லாம் போய்விடும்.