மாஸ்டடான் நிறுவித் தருகிறேன் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை: எங்களுக்கு 18,500 ரூபாய் போச்சு

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 18,500 ரூபாய். என் காசாக இருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். எங்கள் பறவை பார்க்கும் குழுவில் 37 பேர் தலைக்கு 500 போட்டுச் சேர்த்தது.

கூந்தன்குளத்தில் எடுக்கிற படங்களை வாட்ஸ்அப்பில் போட்டால் நாலாம் நாள் எது எங்கே போனது என்றே தெரியாது. ட்விட்டர் மாதிரிப் படமும் பதிவும் போடுகிற, ஆனால் யார் வேண்டுமானாலும் சொந்தமாக நடத்தக்கூடிய மாஸ்டடானை நமக்கென்று ஒரு சர்வரில் வைத்துக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தது நான்தான். மென்பொருள் இலவசம். நிறுவுவதுதான் பாடு. ரூபி, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், என்ஜின்எக்ஸ் என்று துணை மென்பொருள் பட்டாளமே வேண்டும். நானே முயன்றேன். 1 ஜிபி ரேம் உள்ள சர்வர். பக்கங்களுக்கான கோப்புகளைத் தயார் செய்யும் (அசெட்ஸ் கம்பைல்) இடத்தில் ‘கில்டு’ என்று ஒரே சொல்லைக் காட்டிவிட்டு நின்றது. மூன்று தடவை. (நினைவகம் போதவில்லை, வட்டில் கொஞ்ச இடத்தை நினைவகம் மாதிரி ஒதுக்கும் ஸ்வாப் போட்டிருந்தால் தாண்டியிருக்கலாம். இப்போது தெரிந்து என்ன செய்ய.)

சரி, தெரிந்தவரிடம் கொடுப்போம் என்று, ஃப்ரீலான்சர்களைப் பிடித்துத் தரும் தளம் ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே கிடைத்த ஆளுக்கு நட்சத்திரம் நிறைய, பேச்சு அதைவிட நிறைய. “அண்ணே, நீங்க திருநெல்வேலியா? நானும் அந்தப் பக்கம்தான்” என்றார். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். 20,000 கேட்டவர் ஊர்ப்பாசத்துக்கு 1,500 குறைத்தார். சர்வரில் எதையும் செய்ய விடும் ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வீடியோ காலில் திரையைக் காட்டினார். எங்கள் முகவரியில் பூட்டுச் சின்னத்தோடு பக்கம் திறந்தது. நானே உள்ளே போய் ஒரு கூழைக்கடா படம் போட்டேன், வந்தது. ஒன்றே ஒன்று உறுத்தியது. என் பெயருக்குப் பின்னால் எங்கள் டொமைன் இல்லை, வேறு ஏதோ இருந்தது. கேட்டேன். “அது டெம்பரரிண்ணே, கடைசியில ஒரு வரி மாத்தினா போதும். நீங்க ஆர்டரை அப்ரூவ் பண்ணி விட்ருங்க, லேட்டானா என் ரேட்டிங் அடிவாங்கும்.” பாவம் பிள்ளை என்று அழுத்தினேன். அந்த ஒரு பொத்தானில் 18,500 போய்விட்டது.

மறுநாள் ஆட்கள் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஒருவருக்கும் உறுதிப்படுத்தும் மெயில் வரவில்லை. என் கணக்கை மட்டும் அவர் கட்டளை வழியாகவே உறுதி செய்து கொடுத்திருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. போன் போட்டேன். ஸ்பேமில் பாருங்க அண்ணே. அடுத்த நாள், டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும் சார். அதற்கடுத்து, கேஷை அழிச்சுப் பாருங்க சார். அண்ணன் எப்போது சார் ஆனேன் என்று கவனிக்கவில்லை. கடைசியாக, சர்வர் கம்பெனி மெயில் வெளியே போகிற 25ஆம் போர்ட்டை அடைத்திருக்கிறது, அது உங்கள் பிரச்சினை, சரிசெய்ய இன்னொரு 4,000 ஆகும் என்று செய்தி. பல கம்பெனிகள் அந்தப் போர்ட்டை அடைத்துத்தான் வைத்திருக்கின்றன, அது உண்மை. அதனால்தான் ஒரு மெயில் சேவையை வைத்து 587ஆம் போர்ட் வழியாக அனுப்புவார்கள். இதைத் தொழிலாகச் செய்பவருக்கு அது தெரியாதா?

நேற்று ராத்திரி அக்கா மகன் உட்கார்ந்து பார்த்தான். “மாமா, சைட்கிக்கே ஓடலையே.” மாஸ்டடானில் தபால்காரர் வேலை முழுக்க சைட்கிக்குடையது. மெயில் அனுப்புவது, மற்றவர்கள் நடத்தும் வெளிச் சர்வர்களுக்குப் பதிவைக் கொண்டுபோவது, பின்தொடர்பவரின் முகப்பில் சேர்ப்பது எல்லாம். அதன் நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்தால் வரிசையில் 341 வேலை காத்துக் கிடக்கிறது, செய்ய ஆள் 0. அந்த மனிதர் வீடியோ காலுக்காக அதைத் தன் டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஜன்னலை மூடினார், செத்தது. பின்னணியில் தானாக ஓடும் சர்வீஸாகப் போடவே இல்லை.

அதைக்கூட அவன் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டான். டொமைனை முடியவில்லை. அமைப்புக் கோப்பில், பெயருக்குப் பின்னால் எந்த டொமைன் வரும் என்று சொல்லும் லோக்கல் டொமைன் வரியில் அவருடைய சோதனை டொமைன் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் பத்திரமாக மாற்ற முடியாது என்று மாஸ்டடானின் மாதிரிக் கோப்பிலேயே, அந்த வரிக்கு மேல், எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து எங்களைத் தேடுகிற சர்வர் முதலில் அந்த டொமைனின் கதவைத்தான் தட்டும். அதை அவர் மூடிவிட்டார்.

தளத்தின் உதவிப் பிரிவுக்கு ஐந்து தடவை எழுதினேன். ‘ஆர்டர் தங்களால் நிறைவு செய்யப்பட்டது.’ ஐந்துக்கும் அதே வரி. 18,500 பற்றிப் பேச்சே இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, இப்போதைக்கு இவ்வளவுதான். அப்ரூவ் அழுத்துவதற்கு முன் சர்வரை ஒருமுறை ரீபூட் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் வீட்டில் யாராவது ஒருவர் போனிலிருந்து புதிதாகப் பதிவு செய்து மெயில் வருகிறதா பாருங்கள். முதல் கணக்கு திறக்கும் முன் லோக்கல் டொமைன் வரியை உங்கள் கண்ணால் படியுங்கள். என்வ் புரொடக்‌ஷன் என்ற அந்த அமைப்புக் கோப்பின் நகலை வாங்கி வையுங்கள், சர்வரின் ரகசியச் சாவிகள் அதில்தான். ரூட் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள், நான் இன்று காலைதான் மாற்றினேன்.

திரும்ப நிறுவும்போது அதே முகவரி வேண்டாம் என்கிறான் பையன், ஏற்கெனவே பேசிய வெளிச் சர்வர்கள் எங்கள் கணக்குகளின் பழைய அடையாளச் சாவியை வைத்துக்கொண்டு குழப்புமாம். புதுப் பெயர் யோசிக்க வேண்டும். அதற்கு முன் 37 பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.