நான்கு வருஷம் பிளாக்செயின் வாலட்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அனுபவம்

2021 கடைசியில் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு லோகோ வரைந்து கொடுத்தேன். கூலியை எத்தீரியத்தில்தான், அதாவது பல கணினிகள் சேர்ந்து பதிவு வைத்திருக்கும் ஒரு பிளாக்செயினின் டிஜிட்டல் காசில்தான் தருவேன் என்றார். சரி, காசு காசுதானே என்று அன்று போனில் இறக்கிய வாலட், அந்தக் காசை வைத்து அனுப்பும் செயலி, இன்னும் இருக்கிறது.

முதல் அடி கேஸ் கட்டணம், ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் நெட்வொர்க்குக்குக் கட்டும் தொகை. கேஸ் என்றால் எனக்கு அடுப்படி சிலிண்டர்தான் தெரியும். 60 டாலரை நகர்த்த 20 டாலருக்கு மேல் கேட்டது. தொகையைப் பார்த்து அல்ல, நெரிசலைப் பார்த்து ஏறும் கட்டணம் இது. லட்சம் அனுப்புகிறவருக்கும் அதே 20தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் இயங்கும் முறை மாறியது, மின்செலவு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. கட்டணமும் இறங்கும் என்று காத்திருந்து ஏமாந்தேன், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. எத்தீரியத்தின் மேல் ஓடும் துணை நெட்வொர்க்குகளில், 2024 மார்ச் மேம்பாட்டுக்குப் பிறகுதான் சில சென்னுக்கே அனுப்ப முடிந்தது.

வினை அங்கேதான் காத்திருந்தது. பல நெட்வொர்க்குகளுக்கும் அதே 42 எழுத்து முகவரிதான். காசை வாங்கிக்கொள்ளும் தளமோ நான் அனுப்பிய நெட்வொர்க்கை ஏற்பதில்லை. 180 வெள்ளி (ரிங்கிட்) போய்ச் சேர்ந்தது சங்கிலியில், அதாவது பிளாக்செயின் பதிவில், பளிச்சென்று தெரிகிறது, எடுக்கத்தான் வழியில்லை. மூன்று வாரம் கழித்து "மீட்டுத் தர இயலாது" என்று ஒரு வரி வந்தது. நம் நாட்டு முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனில் பதிவில்லாத வெளிநாட்டுத் தளம் அது, தேர்ந்தெடுத்தது என் தப்பு.

அடுத்தது, போன் தொலைந்தால் வாலட்டைத் திரும்பத் திறக்க உதவும் மீட்புச் சொற்கள். 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 சொல் தருவார்கள். ஜப்பானியம், கொரியன், செக் மொழிக்கெல்லாம் பட்டியல் உண்டு, தமிழுக்கு இல்லை. ஆங்கிலத்தில் வந்ததைத் தினசரி காலண்டர் தாளின் பின்புறம் எழுதி சாமி மேடையில் வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா அதில் விபூதி மடித்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டார். ஓடிப்போய் வாங்கி வந்தேன். ஒன்பதாவது சொல்லில் மஞ்சள் கறை.

வாலட்டில் காசு வாங்கலாமே என்று பசியாறும் கடை அண்ணனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கல்லாப்பெட்டி மேல், போனில் வருடி வங்கி வழியே காசு கட்டும் டூயிட்நவ் கியூஆர் அட்டை ஒட்டியிருந்தது.

"தப்பான ஆளுக்குப் போயிட்டா யாரைக் கேக்கிறது தம்பி?"

"யாரையும் கேக்க முடியாதுண்ணே."

"அப்ப வேணாம் லா."

நடுவில் யாரும் இல்லை என்பதைத்தான் இதன் பெருமையாக நான் நினைத்திருந்தேன்.

செம்பனைத் தொழிலுக்கு பிளாக்செயின் சரிவரும் என்கிறார்கள், எந்தத் தோட்டத்துக் குலை என்று கடைசிவரை தடம் பார்க்கலாமாம். மாமாவுக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. அவர் குலைகள் வியாபாரியின் களத்தில் இறங்கியதும் பத்துப் பேர் குலைகளோடு ஒரே குவியல். நிறுவைச் சீட்டில் எழுதியதைச் சங்கிலி பத்திரமாக வைத்துக்கொள்ளும், பொய்யையும் சேர்த்து. சம்பந்தப்பட்ட எல்லாரும் உள்ளே வந்தால்தான் பயன். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் சேர்ந்து பிளாக்செயினில் நடத்திய டிரேட்லென்ஸ் கப்பல் சரக்குத் தளமே, போதிய ஒத்துழைப்பு கிடைக்காமல் 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தது.

வாலட்டை நான் அழிக்கவில்லை. வேலை வந்தால் டாலர் மதிப்பிலான ஸ்டேபிள்காயினில் வாங்கி, பதிவு பெற்ற உள்ளூர்த் தளத்தில் அன்றைக்கே வெள்ளியாக்கிவிடுகிறேன். முதலில் 5 டாலர் மட்டும் அனுப்பச் சொல்வேன். அது வந்து சேர்ந்த பிறகுதான் மிச்சம்.