இதயப் பம்பு: சுழலியை எதன்மேல் நிறுத்துவது?

முற்றிய இதயச் செயலிழப்புக்கு உடலுக்குள் பொருத்தும் பம்புகளில் அதிகம் பேசப்பட்டவை மூன்று: ஹார்ட்மேட் 2, ஹார்ட்வேர், ஹார்ட்மேட் 3. மூன்றுக்கும் வேலை ஒன்றுதான். இடது கீழறையிலிருந்து இரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குள் தள்ள வேண்டும். உள்ளே சுற்றி இரத்தத்தைத் தள்ளும் சுழலியை எதன்மேல் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் பிரிகின்றன.

ஹார்ட்மேட் 2-இல் திருகாணி போன்ற சுழலி மாணிக்கக்கல் பேரிங்கில் உட்கார்ந்து நிமிடத்துக்குச் சுமார் 9,000 முறை சுற்றும். பேரிங்குக்கு எண்ணெய், நோயாளியின் இரத்தமேதான். அந்தச் சந்தில் இரத்தம் உறைவது இதன் பழைய தொல்லை. ஆனாலும் உயிர் காத்த பம்பு இது. அமெரிக்க முன்னாள் துணை அதிபர் டிக் செனி 2010-இல் இதைப் பொருத்திக்கொண்டார். இருபது மாதம் கழித்து மாற்று இதயம் கிடைத்தது. ஓட்டம் இடைவிடாதது என்பதால் பெரும்பாலோருக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது. இரத்த அழுத்தத்தையே, ஒலியலையால் இரத்த ஓட்டத்தைக் கண்டறியும் டாப்ளர் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஹார்ட்வேர் 160 கிராம்தான். வயிற்றில் இடம் வெட்டாமல் இதய உறைக்குள்ளேயே அடங்கிவிடும். காந்த விசையிலும் மெல்லிய இரத்தப் படலத்திலும் சுழலி மிதக்கும். சிறிய உடலுக்கு இதுவே வசதி என்று நம்பியவர்கள் பலர். பக்கவாதம் வந்தவர்களின் எண்ணிக்கைதான் அதைக் கவிழ்த்தது. நின்ற பம்பு சில வேளை மறுபடி ஓட மறுத்தது இன்னும் மோசம். 2021 ஜூனில் அதை விற்றுவந்த மெட்ரானிக் நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்டது.

ஹார்ட்மேட் 3-இல் சுழலி எதையும் தொடாமல் முழுக்கக் காந்தத்தில் மிதக்கிறது. இடைவெளி அகலம் என்பதால் இரத்த அணுக்கள் நசுங்குவது குறைவு. இரண்டு நொடிக்கு ஒருமுறை வேகத்தை மாற்றித் தேங்கிய இரத்தத்தைத் தானே அலசிக்கொள்கிறது. 1,028 பேரை வைத்து ஹார்ட்மேட் 2-உடன் ஒப்பிட்டபோது, இரண்டு ஆண்டுக்குள் பம்பை மாற்ற நேர்ந்தவர்கள் 2.3 சதவீதம், பழையதில் 11.3. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 58.4 சதவீதம், பழையதில் 43.7. ஆஸ்பிரினையும் விட்டுவிடலாம், இரத்தக்கசிவு குறைகிறது என்று 2023-இல் தெரிந்தது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை மட்டும் தொடரும். மூன்றில் என் தேர்வு இதுதான், எனக்குச் சந்தேகமில்லை. குறையே இல்லாததும் அல்ல: பம்பிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயைச் சுற்றிப் படிவு சேர்ந்து அழுத்துவதாக 2024-இல் எச்சரிக்கை வந்தது.

மூன்றிலும் தீராதது வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் மின்கம்பி. அந்தத் துளை வழியே கிருமி நுழையும். நீச்சல் கிடையாது. பகலில் இரண்டு பேட்டரிகளைச் சுமக்க வேண்டும். இரவில் சுவர் பிளக்கில் செருகிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.