ஆறு பேருக்கு ஒரு டெலஸ்கோப்: எக்ஸ்த்ரெமதுராவில் இரண்டு நாள்

ஸ்பெயினில் பணம் கட்டிப் பறவை பார்க்கப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம் என்பேன். வேனில் எந்த இருக்கை தருவார்கள் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள் மத்ரிதில் வேலை பார்க்கிறாள். ஏப்ரலில் அவளோடு தங்கப் போயிருந்தேன். நாலாவது அருங்காட்சியகத்தோடு எனக்குக் கால் கடுத்துவிட்டது. "பறவை காட்டுகிற ஆள் யாராவது கிடைத்தால் பார், இல்லாவிட்டால் நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்றேன். தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் ஈரோட்டுக்கு அருகே, பறவைச் சரணாலயம் உள்ள வெள்ளோடு பக்கம்; ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் என்னை ஏரிக்கரையில்தான் தேட வேண்டும். மகள் தேடிப் பிடித்தது, போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய எக்ஸ்த்ரெமதுரா மாநிலத்தில் ஓர் அண்ணனும் தம்பியும் நடத்தும் சுற்றுலா. இரண்டு நாளுக்கு ஆளுக்கு 240 யூரோ, தங்கும் செலவு தனி. சிறு தொழில் செய்கிறவர்கள், என் குறைகளை அவர்களிடமே சொல்லியும்விட்டேன். அதனால் பெயர் வேண்டாம்.

மத்ரிதிலிருந்து 250 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் த்ரூஹியோவில் இறங்கினோம். பெரூவைப் பிடித்த பிசாரோ பிறந்த ஊர். சதுக்கத்தில் அவர் குதிரைமேல் வெண்கலச் சிலையாக நிற்கிறார். நான் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் தலைக்குப் பின்னால், தேவாலயக் கோபுரத்தின் மேல் செங்கால் நாரைகள் கட்டில் அகலத்துக்குக் கூடு கட்டியிருந்தன. இணை வந்து இறங்கியதும் கூட்டில் இருந்த நாரை கழுத்தை வளைத்துத் தலையை முதுகில் சாய்த்தது. பிறகு அலகைத் தட்டத் தொடங்கியது. இந்தப் பறவைக்குக் குரல் கிடையாது, தட்டுவதுதான் பேச்சு. ஜமாபந்தி நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஆறு டைப்ரைட்டர் ஒன்றாக ஓடுமே, அதே சத்தம். அந்த ஊரின் காளைச் சண்டை அரங்கத்து ஓட்டுக்கூரையிலும் ஒரு குடியிருப்பு உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சிறு வல்லூறுகள் ஓட்டுக்கு அடியில் முட்டையிடுகின்றன. அதற்காகவே அந்தக் கூரைக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள்.

முதல் நாள் காலை ஆறரைக்கு வேன் வந்தது. நாங்கள் ஆறு பேர். நடு வரிசையில் எனக்குக் கிடைத்த இடத்தில் ஜன்னல் இருந்தது, திறக்காது. இரண்டு டெலஸ்கோப் என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள், வந்தது ஒன்று. இன்னொன்றைத் தம்பி வேறு குழுவோடு எடுத்துப் போய்விட்டாராம். ஆளுக்கு அரை நிமிடம் என்று வரிசையில் நின்று பார்த்தோம். என் முறை வருவதற்குள் பறவை எழுந்து போன சம்பவம் இரண்டு நாளில் நான்கு முறை நடந்தது. எண்ணி வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த வழிகாட்டி, அதாவது அண்ணன்காரர், வேலை தெரிந்தவர். த்ரூஹியோவுக்கு வெளியே மரமில்லாத புல்வெளி. வானம்பாடிகள் விடாமல் பாடிக்கொண்டிருக்க, மண் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். யாரும் இறங்கக் கூடாது என்றார். வேனைப் பார்த்துப் பறவை பயப்படாது, இரண்டு கால் தரையில் பட்டால்தான் ஓடும். இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் பெருமூச்சு விடத் தொடங்கிவிட்டார். அப்போது தூரத்துச் சரிவில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. ஐரோப்பியக் கானமயில், ஆண். பத்துக் கிலோவுக்கு மேல் எடை வரும், பறக்கக்கூடிய பறவைகளில் இவ்வளவு கனமானவை அரிது. அது இறக்கையையும் வாலையும் சட்டையை உள்வெளியாகத் திருப்புவதுபோலப் புரட்டிக்கொண்டது. பழுப்பு முழுவதும் மறைந்து, புல்லின் நடுவே யாரோ சோப்பு நுரையைக் குவித்து வைத்ததுபோல் நின்றது. அந்த நுரை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. உலகில் மிஞ்சியிருக்கும் இந்தப் பறவைகளில் பாதிக்கு மேல் ஸ்பெயினில்தான் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமே என்று ஒருவர் கேட்டார். "பெண் பறவை பார்ப்பதற்காக அது ஆடுகிறது, நமக்காக அல்ல" என்று சொல்லி அவர் சாவியைக்கூடத் தொடவில்லை. 240 யூரோவில் பாதி எனக்கு அங்கேயே கழிந்துவிட்டது.

மதியம் வீண். மூன்று மணிக்குத்தான் சாப்பாடு, அதுவரை வெயிலில் ஒரு நீர்த்தேக்கக் கரையில் ஒன்றுமில்லாமல் நின்றோம். சைவம் என்று முன்பே எழுதியும், பன்றிக் கொழுப்பில் வறுத்த ரொட்டித் துகள்தான் முதலில் வந்தது. பிறகு உருளைக்கிழங்கு முட்டை அடை கொடுத்தார்கள். முட்டை எனக்கு ஆகும், அதனால் பிழைத்தேன்.

மறுநாள் மொன்ஃபிராகுவே. 2007-இல் தேசியப் பூங்கா ஆனது. போகும் வழியெல்லாம் தெஹேசா. அதைக் காடு என்றும் சொல்ல முடியாது, தோப்பு என்றும் சொல்ல முடியாது. தள்ளித் தள்ளி நிற்கும் ஓக் மரங்கள், அடியில் புல், மாடு, ஓக் கொட்டை தின்று கொழுக்கும் பன்றிகள். கார்க் ஓக் மரத்தின் பட்டையை ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கிறார்கள். உரித்த வருடத்தின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே எழுதி வைக்கிறார்கள். நான் கைவைத்துப் பார்த்த மரத்தில் 8 என்று இருந்தது. பட்டை போன இடம் செங்கல் சிவப்பில் வழுவழுவென்றிருந்தது. மேலே நீலச்சிறகு வால்காக்கைகள் ஓயாமல் சண்டை போட்டன. எங்கள் ஊர் கொண்டலாத்தியும் அங்கே இருந்தது, அதற்கு நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சால்ட்டோ தெல் ஹித்தானோ என்ற இடத்தில் சாலையோரமே பார்வைத்திட்டு. எதிரே பாறைச் சுவர், கீழே தாஹோ ஆறு. சுவர் முழுவதும் கிரிஃபன் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள். மரத்தில் கூடு கட்டும் கரும்பாறுகள் மட்டும் உயரே தனித்து வட்டமிட்டன. வழிகாட்டி என் தோளைத் தொட்டு, "அலிமோச்சே" என்றார். இருநோக்கியில் பார்த்தேன். வெள்ளை உடல், கரிய இறக்கை ஓரம், மஞ்சள் முகம்.

திருக்கழுக்குன்றத்துக் கழுகு அது. 1971-இல், எனக்கு ஏழு வயது. செங்கல்பட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது அம்மா என்னை மலைமேல் ஏற்றினாள். பாறையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருக்க, கூட்டம் பேச்சை நிறுத்தியது. மஞ்சள் முகத்தோடு நடந்து வந்து அது கிண்ணத்தில் கொத்தியது. இப்போது அங்கே வருவதில்லை. இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, மகள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

வேனுக்குத் திரும்பியதும் வழிகாட்டி டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தின் பேச்சை எடுத்தார். அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டு, இந்தியாவில் கூட்டம் கூட்டமாக அழிந்த பிறகு 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தோம். அது தெரிந்தும் 2013-இல் ஸ்பெயின் அனுமதித்தது என்று சொல்லி அவர் ஸ்டியரிங்கில் அடித்தார். அந்த இரண்டு நாளில் அவர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான்.

கடைசியாகக் கோட்டை. படி ஏற முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும், நான் நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். மேலே நின்றால் பாறுகள் நம் கண்மட்டத்திலும் அதற்குக் கீழேயும் போகின்றன. ஒன்றின் முதுகை மேலிருந்து பார்த்தேன். விரல் விரித்ததுபோன்ற இறகு நுனிகளில் காற்று கிழியும் ஓசை கேட்டது. தலையை மட்டும் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

கிளம்பும்போது டெலஸ்கோப்புக்காக ஆளுக்கு இருபது யூரோ திருப்பித் தந்தார்கள், நாங்கள் கேட்டதனால்தான். கழிப்பறை பூங்காவுக்குள் வில்லாரியல் தெ சான் கார்லோஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது, அங்கே கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். முன் இருக்கைக்கு அருகே உள்ள ஜன்னல் திறக்கிறது. ஊறுகாய் கொண்டுபோங்கள்.