சத்தம் அடங்கும் வரை: ஓர் ஏத்தங்காய் சிப்ஸ் கடை

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் செல்லும் சாலையில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிப்ஸ் கடைக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். நேந்திரன் என்று வெளியூரார் சொல்லும் ஏத்தன் வாழையின் காயை அங்கே தேங்காய் எண்ணெயில் மட்டுமே பொரிக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் சிப்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இதைத் தனியே எழுத வைத்தது அங்கே வேலை நடக்கும் விதம்தான்.

தோலுரித்த காய்கள், கறை போவதற்காக மஞ்சள் கலந்த தண்ணீரில் கிடக்கின்றன. கடைக்காரர் அவற்றைத் துடைத்து, சீவுகட்டையை வாணலிக்கு மேலேயே பிடித்து, நேராக எண்ணெய்க்குள் சீவுகிறார். வில்லைகள் ஒட்டாமல் கிளறிவிட்டுப் பாதி வெந்ததும் உப்புத் தண்ணீரைத் தெளிக்கும்போது எண்ணெய் பொங்கி இரைகிறது. காயிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறும் இரைச்சல் அது. தணிந்த பிறகே அள்ளுவார். கூட்டம் நின்ற ஒரு மாலையில் நான் அவசரப்படுத்தியபோது, “சத்தம் அடங்கட்டும் மக்களே” என்று திரும்பிப் பாராமலே சொன்னார். அரை நிமிடம் முந்தி அள்ளினாலும் அன்றைக்கு யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்றாம் நாள் வீட்டு டப்பாவில் நமத்துப்போன வில்லைதான் காட்டிக்கொடுக்கும். வாங்கியவர் எதிரில் இல்லாத அந்த மூன்றாம் நாளுக்காக அடுப்பின் வெக்கையில் நிற்பதையே நான் உழைப்பு என்று மதிக்கிறேன். நாளெல்லாம் ஓடியாடுவதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க மனம் வரவில்லை, என் அலுவலக ஓட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய் கடுமையாக விலையேறிய 2025ஆம் ஆண்டில் அவர் சிப்ஸ் விலையைக் கூட்டினாரே தவிர, எண்ணெயை மாற்றவில்லை. முகர்ந்தாலே தெரியும்.

குறைகளும் உண்டு. சூடு ஆறுமுன்பே மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதால் உள்ளே வியர்த்து, அத்தனை பக்குவமும் வீணாகிறது; பையைத் திறந்தபடி கொண்டுவந்து, ஆறிய பின் டப்பாவில் அடைப்பது நல்லது. வெல்லப்பாகில் புரட்டிய ஏத்தங்காய்த் துண்டுகளான சர்க்கரைவரட்டியில் சுக்கு தூக்கல், எனக்குப் பிடிக்கவில்லை. 1956 வரை, பின்னர் கேரளத்தோடு சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி என்பதால் ஓணம் இங்கும் வீட்டுப் பண்டிகைதான். அந்த வாரத்தில் முன்பதிவு எடுப்பதில்லை, கூடுதல் அடுப்பும் மூட்டுவதில்லை. காலை பத்து மணிக்குள் சென்றால் கிடைக்கும்.