முழுதாக முறுக்கினால் இழுவை இல்லையா: பெற்றோலா, பெல்ட்டா?

காலி வீதியில் பாதி முறுக்கில் நன்றாக ஓடும் ஸ்கூட்டர், அக்சிலேட்டரை முழுதாக முறுக்கியதும் தொய்ந்துவிட்டால் சந்தேகப்பட முக்கியமாக இரண்டு இடம் உண்டு. முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். என்ஜின் சத்தமே அமுங்கி, விக்கி, கையைச் சற்றுத் தளர்த்தினால் மீண்டும் இழுக்கிறதா? பெற்றோல் போதவில்லை. சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா? என்ஜின் சுழற்சியைப் பின் சில்லுக்குக் கடத்தும் பெல்ட் வழுக்குகிறது.

பெற்றோல் பக்கம் பார்க்கச் செலவு குறைவு, அதனால் அங்கேதான் தொடங்கச் சொல்வேன். தொய்யும்போது ஓரமாக நிறுத்தி டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அப்புறம் கொஞ்ச தூரம் சரியாக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால் பெற்றோல் பில்டர், அடுத்து பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரில் மெயின் ஜெட், அதாவது பெற்றோல் வரும் சிறு துளையுள்ள பாகம். முழு முறுக்கில் பெற்றோல் பெரும்பாலும் அந்த ஜெட் வழியேதான் வருகிறது; துளி அழுக்கும் போதும். தயவுசெய்து கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்துக் காற்று ஊதுங்கள். பிளக் முனை வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு. கரி படிந்து கறுத்திருந்தால் காற்று போதவில்லை, ஏர் பில்டரைப் பாருங்கள்.

பெல்ட் என்றால் பக்கவாட்டுக் கவரைக் கழற்ற வேண்டும். உள்ளே நிறையக் கறுப்புத் தூள், பெல்ட்டில் வெடிப்பு, பெல்ட் ஓடும் முன் கப்பிக்குள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையான ரோலர்கள் (சிறு உருளைகள்) இருந்தால் மாற்றத்தான் வேண்டும். மழை வெள்ளத்தில் ஓட்டி நனைந்த பெல்ட்டும் வழுக்கும், காய்ந்ததும் சரியாகிவிடும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் புதியது வாங்கப் போனால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். மொடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு வேறாக இருக்கலாம்.